ஒரே மாதிரி இரண்டு தட்டு இல்லாத மேசை

ஓட்டல் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் எனக்கு முதல் நாளே பயம் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டைப் பற்றிய பயம் இல்லை, நன்றாகவே சமைப்பார். தட்டைப் பற்றிய பயம். யார் முன்னால் எந்தத் தட்டு என்பதை அவர்தான் முடிவு செய்வார். எனக்கு எப்போதும், ஒரு தடவைகூடத் தவறாமல், இருப்பதிலேயே மெல்லிசான பீங்கான் தட்டுதான். இளம்பச்சை நிறம். வெயிலில் தூக்கிப் பிடித்தால் பின்னாலிருக்கும் விரல் தெரியும். காரைக்குடிப் பக்கம் ஏதோ ஒரு பெரிய வீட்டை இடித்தபோது வந்ததாம். அத்தனை தலைமுறையாக உடையாமல் இருந்ததை நான் உடைத்துவிடுவேனோ என்று இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டே வலது கையால் சாப்பிடுவேன். வீட்டுக்கு வந்து, என்ன சாப்பிட்டோம் என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அண்ணே, எனக்கு ஒரு சில்வர் தட்டு வைக்கக் கூடாதா? சோறே எறங்க மாட்டேங்குது."

"அந்தத் தட்டு இந்தத் தெருவுல ஒன் கையிலதாம்மா பத்திரமா இருக்கும். தைரியசாலிகிட்டக் குடுத்தா ஒரே நாளுல ஒடைச்சுப்புடுவான்" என்றார்.

அது பாராட்டா, கேலியா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இப்போது கேட்கவும் முடியாது. வீட்டை விற்றுவிட்டு மணமேல்குடியில் தம்பி வீட்டோடு போய்விட்டார்.

தெருவில் எல்லோரும் அவரை ஓட்டல் அண்ணன் என்றுதான் சொல்வோம். எங்கள் ஊர் திருவரங்குளத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர். ஊரில் பாதிப் பேர் வெளிநாடு போய் வந்தவர்கள்தான். ஆனால் இவர் பார்த்த வேலையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் துபாயில் ஒரு பெரிய ஓட்டலில் மேசை போடுகிற வேலை. சமையல் கிடையாது, பரிமாறுவது கிடையாது. தட்டும் கரண்டியும் கிளாசும் வைப்பது மட்டும்.

என் வீட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கையில் கிரீஸ் படாத எதையும் வேலை என்று ஒத்துக்கொள்ள மாட்டார். "அது ஒரு வேலையா மச்சான்?" என்று கேட்டார்.

"மாப்ள, ஒரு நாளைக்கு நானூறு தட்டு. நானூறும் வெள்ளை. தட்டுக்கும் மேசை விளிம்புக்கும் நடுவுல ஒரு கட்டை விரல் எடம். கூடுனாலும் சூப்பர்வைசர் வந்து நிப்பான், கொறைஞ்சாலும் வந்து நிப்பான். கனவுல சாமி வந்தாலும் கையில வெள்ளைத் தட்டோடதான் வரும்."

அதனாலோ என்னவோ, ஊருக்கு வந்த பிறகு அவர் வீட்டில் வெள்ளையாக இருந்தது சோறு ஒன்றுதான். எவர்சில்வர், பித்தளை, அலுமினியம், பூப்போட்ட எனாமல், ரயிலில் கொடுப்பதுபோல் குழி குழியாக இருக்கும் தட்டு, யாரோ குவைத்திலிருந்து கொண்டுவந்து பாதி உடைந்துபோன செட்டில் மிஞ்சிய கண்ணாடித் தட்டு, குழந்தைக்குச் சோறூட்டும் முயல் படம் போட்ட பிளாஸ்டிக் தட்டு. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கக் கூடாது. தப்பித்தவறி ஜோடியாக வந்துவிட்டால் ஒன்றைத் தூக்கிப் பானைக்கு மூடியாகப் போட்டுவிடுவார். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களிடமும், "எனக்கு ஜோடியா எதுவும் ஒத்துவராது" என்றே சொல்லிச் சமாளித்தார்.

வருஷம் பூராவும் சேர்ப்பார். வெளியே எடுப்பது கோடையில்தான். சித்திரை பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பலாமரத்தடியில் மேசை போடுவார். மேசை என்றால் மேசை இல்லை, ஒரு பழைய ஒற்றைக் கதவு. அதைப் படுக்கப்போட்டு, நான்கு முனையிலும் சிமெண்டுக் கல் அடுக்கியிருப்பார். சாவித் துவாரம் அப்படியே இருந்தது. அதற்கு நேராக உட்கார்ந்தவர் ரசத்தைச் சிந்தினால் மடியில்தான் விழும்.

"கோடையில வயிறு தூங்கிரும். கண்ணுதான் அதை எழுப்பணும்" என்பார். அதற்காக மேசையைப் பார்த்தால் கண் கூசுகிற மாதிரி வைத்திருப்பார். சிவப்பு எனாமலில் தயிர்ச்சோறு, அதன் மேல் மாதுளை முத்து. பித்தளைத் தட்டில் வெள்ளரிக்காய். நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில் மாம்பழத் துண்டு. ஊறுகாய் பாட்டிலெல்லாம் தண்ணீர் கிளாஸ். நடுவில் பூவுக்குப் பதிலாக ஒரு சொம்பு நிறைய வேப்பங்கொத்து, ஈ வராதாம்.

ஆட்கள் வந்து நின்றபிறகுதான் அவருடைய நிஜமான வேலை ஆரம்பிக்கும். தாடையில் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். பிறகு இந்தத் தட்டை அங்கே நகர்த்துவார், அதை இங்கே வைப்பார், யோசித்து மறுபடியும் மாற்றுவார். பசியோடு நிற்கிறவர்களுக்கு எரிச்சலாக வரும். ஏன் என்று கேட்டால் சொல்லவே மாட்டார். என் வீட்டுக்காரருக்கு ஒரு தடவை அந்த முயல் தட்டை வைத்துவிட்டார். அன்றைக்குக் காலையில்தான் அவர் புது மொபைலை மோட்டார்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு, கோபித்துக்கொண்டு யாரோடும் பேசாமல் இருந்தார். முயலைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இதெல்லாம் தெரிந்துதான் வைக்கிறாரா, தானாக அமைகிறதா என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை.

மேசை விரிப்பு தைத்துக் கொடுப்பது நான். வீட்டிலேயே மிஷின் போட்டிருக்கிறேன். முதல் தடவை, மிஞ்சிய ஜாக்கெட் துணிகளை நிறம் பார்த்து, ஓரம் பார்த்து, ஒன்றுக்கொன்று எடுப்பாக வரும்படி மூன்று நாள் உட்கார்ந்து தைத்துக் கொண்டுபோனேன். விரித்துப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது.

"என்னம்மா இது, பள்ளிக்கூட யூனிபார்ம் மாதிரி இருக்கு?"

"நல்லாத்தானேண்ணே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு, அதான் நல்லால்ல. பிரிச்சுட்டுக் கண்ண மூடிக்கிட்டுத் தையி."

பிரித்தேன். கண்ணைத் திறந்துகொண்டுதான் தைத்தேன். மிஷின் ஊசி விரலில் ஏறிவிட்டால் யார் பொறுப்பு?

எங்கள் தெருவுக்கு அவரால் வேறொரு சங்கடமும் இருந்தது. மொபெட்டில் பிளாஸ்டிக் சாமான் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். பழைய பாத்திரம் போட்டால் குடமோ வாளியோ கொடுப்பார். தெருவைச் சுற்றி முடித்துவிட்டு அவர் போகிற வழியில்தான் ஓட்டல் அண்ணன் வீடு. மூட்டையை அங்கேயே இறக்கச் சொல்லி, வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வார். ஆக, தெருவில் யார் எதைக் கழித்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது மேசைமேல் வந்து உட்கார்ந்திருக்கும். நம் பக்கத்தில்தான் எந்தப் பாத்திரம் வாங்கினாலும் கடையிலேயே பெயர் வெட்டிவிடுகிறோமே. யார் கொடுத்தது, எந்த விசேஷத்துக்கு, எல்லாமே புள்ளி புள்ளியாக எழுதியிருக்கும். இவர் வீட்டு மேசையில் அதைப் பார்த்தால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது தெருவில் சொல்லாமலே ஏற்பட்ட ஒப்பந்தம்.

ஒரு முறை ஊரின் முன்னாள் தலைவர் சாப்பிட வந்தார். அவர் மகன் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் மணமக்கள் பெயர் வெட்டிய தட்டு ஒன்று கொடுத்திருந்தார். பாவம், அவருக்கு ஒப்பந்தம் தெரியாது. சாம்பாரைத் திறந்தார், மூடியில் மகன் கல்யாணம். ரசத்தைத் திறந்தார், மகன் கல்யாணம். மோர்ப்பானையிலும் மகன் கல்யாணம்தான்.

"ஏப்பா, நம்ம வீட்டு விசேஷத்தைப் பூராவும் இங்கதான் மூடிவச்சிருக்கியா?" என்றார்.

"ஒங்க வீட்டு விசேஷத்தாலதான் தலைவரே ஈ மொய்க்காம இருக்கு" என்றார் இவர், கொஞ்சம்கூடச் சிரிக்காமல்.

தெருவே குனிந்து சாப்பிட்டது. எல்லார் வீட்டுத் தட்டும் அதில் இருந்ததே.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

எங்கள் வீடு கட்டி முடித்தபோது என் நாத்தனார், வீட்டுக்காரருடைய அக்கா, ஒரு பெரிய எவர்சில்வர் தட்டு வைத்துக் கொடுத்தார்கள். சுற்றிலும் ரோஜாப்பூ. நடுவில் 'அன்பளிப்பு கோ. தமிழரசி திருச்சி' என்று பெயர். நல்ல கனமான தட்டு. ஆனால் விளிம்பு கத்தி மாதிரி. கழுவும்போதெல்லாம் விரலைக் கிழித்தது. விரலைக் கிழித்துக்கொண்டு நான் எப்படி மிஷின் ஓட்டுவேன், செப்டிக் ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று பயந்து பயந்து, ஒரு பங்குனி மாதத்தில் அதைப் பிளாஸ்டிக்காரரிடம் போட்டு ஒரு டப் வாங்கிவிட்டேன். எங்கள் தெருவில் போட்டால் தெரிந்துவிடும் என்று மேலத்தெரு வரைக்கும் நடந்துபோய்ப் போட்டேன்.

அடுத்த மாதமே மகள் அபிக்குப் பன்னிரண்டாவது ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பவர் பார்க்கிற படிப்பு படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அது திருச்சியில்தான். சீட்டும் கிடைத்துவிட்டது. ஆனால் ஹாஸ்டல் என்றால் அனுப்புவதே இல்லை என்று வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். "அக்கா வீட்டுல வச்சுக்கிட்டா படிக்கட்டும். இல்லேன்னா இங்கனயே ஏதாச்சும் படிக்கட்டும்."

நான் எட்டாவதோடு நின்றவள். ஒன்பதாவதுக்கு டவுனுக்குப் போக வேண்டும். அங்கே தங்க ஒரு வீடு இல்லை. பஸ்ஸில் போய் வந்தால் என்ன ஆகுமோ என்று அப்பா பயந்தார். பயம் எங்கள் குடும்பத்துச் சொத்து. எனக்கும் நிறையவே வந்திருக்கிறது. அது அபிக்கும் போய்ச் சேர வேண்டாம் என்பது மட்டும்தான் நான் கேட்டது.

நாத்தனார் போனில் பிடிகொடுக்கவில்லை. "வயசுப்பிள்ள பொறுப்பு, சும்மாவா? நேர்ல வந்து பேசிக்கிறேன்" என்றார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். அன்றைக்கு ஓட்டல் அண்ணன் எங்களை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். வீட்டுக்காரரோ என்னைக் கேட்காமலே, அக்காவையும் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டு வந்து நின்றார்.

சனிக்கிழமை விரிப்பைக் கொடுக்கப் போனேன். கொல்லைக் குழாயடியில் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். ஒன்று மட்டும் நிமிர்ந்து கிடந்தது. ரோஜாப்பூ. நடுவில் பெயர்.

"அண்ணே... இது எப்படி ஒங்ககிட்ட?"

"பிளாஸ்டிக்காரன் குடுத்தான். மேலத்தெருவுல ஒரு அம்மா போட்டுச்சாம். சேலைத் தலைப்பால மூஞ்சிய மூடிக்கிட்டு வந்துச்சாம்."

"அது நாந்தாண்ணே."

"தெரியும். வெயிலுக்கு மூடுறவங்க இப்படி மூட மாட்டாங்கன்னு அவனே சொன்னான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அபி விஷயத்தையும் நாத்தனார் வரப்போவதையும் சொன்னேன். "அவுங்க கண்ணுல இது பட்டுச்சுன்னா அவ்வளவுதாண்ணே. நான் குடுத்த தட்டையே கடாசுனவ பிள்ளைய நான் ஏன் வச்சுக்கணும்னு கேட்டுருவாங்க. எங்கிட்டாவது எடுத்து ஒளிச்சு வச்சிருங்கண்ணே."

அவர் தட்டை எடுத்து விளிம்பில் விரலை ஓட்டினார். "அரம் போட்டு ராவிட்டேன். இப்பக் கிழிக்காது, பாரு" என்றார். பிறகு தாடையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரி. நான் பாத்துக்கிறேன், நீ போ."

ஒளித்து வைப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

மறுநாள் அக்கினி வெயில். நாத்தனார் வீட்டில் எல்லாம் செட்டுச் செட்டாக, கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கும். பலாமரத்தடிக்கு வந்து மேசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஏன்டா தம்பி, பாத்திரக் கடையில வெடிகுண்டு விழுந்த மாதிரில்ல இருக்கு!"

"ஒக்காந்து சாப்ட்டுப் பாருக்கா" என்றார் வீட்டுக்காரர்.

அன்றைக்கு எல்லார் தட்டிலும் முன்கூட்டியே சோற்றைப் பரத்தி வைத்திருந்தார் ஓட்டல் அண்ணன். மாங்காய்ச் சோறு, பக்கத்தில் பீட்ரூட் பச்சடி. தெரு ஆட்கள் மூன்று பேரையும் சேர்த்து எட்டுத் தட்டு, எட்டு நிறம். தாடையில் கை வைக்காமல், யோசிக்காமல், "நீங்க இங்கிட்டு உக்காருங்கம்மா" என்று நாத்தனாருக்கு இடம் காட்டினார். உட்கார்ந்தார்கள். சோற்றைச் சுற்றி ரோஜாப்பூ.

நான் உட்காரவில்லை. என் தட்டிலிருந்ததையும் சோற்றுச் சட்டியில் கொட்டி, அதைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் பக்கத்திலேயே நின்றேன். இரண்டு வாய் சாப்பிட்டார்கள், 'ப்பு' தெரிந்தது. ஒரு கரண்டி போட்டு மூடினேன். இந்தப் பக்கம் 'சி' எட்டிப் பார்த்தது. அங்கே ஒரு கரண்டி.

"போதும் மல்லிகா."

"வெயில்ல வந்திருக்கீங்க அண்ணி, சாப்பிடுங்க." இன்னொரு கரண்டி.

"ஏய், என்னைய இங்கனயே கொன்னு பொதைக்கப் பாக்குறியா?"

"அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள் அபி. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

நாத்தனார் சட்டியைக் கையால் மறித்துவிட்டார்கள். நிதானமாகச் சாப்பிட்டார்கள். 'அன்' வந்தது. 'கோ' வந்தது. கடைசி உருண்டையை வழித்தபோது முழுப்பெயரும் மஞ்சள் எண்ணெயில் பளபளவென்று வந்துவிட்டது. கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். நான் பலாமரத்தில் எத்தனை காய் என்று பார்த்தேன்.

சத்தம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை.

"தட்டு நல்ல கனம்லம்மா?" என்றார் ஓட்டல் அண்ணன், எதிர்முனையிலிருந்து.

"ம்."

"நான் திருச்சிப் பக்கமும் போவேன். மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு பெரிய பழைய பாத்திரக் கடை இருக்கு. நம்ம பக்கத்து ஆளுங்க பேரு வெட்டுன தட்டா அங்க கெடக்கும். போன மாசங்கூட ஒண்ணு ரெண்டு எடுத்தாந்தேன்."

நாத்தனார் தண்ணீர் குடித்தார்கள். குடித்துக்கொண்டே கண் மேசையைச் சுற்றி வந்தது. பிறகு சடக்கென்று எழுந்தார்கள். "எல்லாரும் தட்டைக் குடுங்க, நான் கழுவுறேன்."

வீட்டுக்காரர் வாயைப் பிளந்துவிட்டார். அவருடைய அக்கா விருந்துக்குப் போன இடத்தில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்திப் பார்த்தவர் இல்லை. இப்போது புடவையைச் செருகிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு தட்டாகத் தேய்த்து, நடுவில் பார்த்து, திருப்பிப் பின்னால் பார்த்து, வெயிலில் சாய்த்தும் பார்த்தார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாத்தனார் திருச்சியில் வீடு கட்டியபோது நாங்களும் தட்டு கொடுத்தோம். ஆறு தட்டு, ஆறிலும் வீட்டுக்காரர் பெயர். அதற்குப் பிறகு எத்தனை தடவை போயிருக்கிறோம். அந்தக் கண்ணாடி அலமாரியில் அதில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

தெரு ஆட்கள் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஏழு தட்டு கழுவியாகிவிட்டது. எட்டாவது ஓட்டல் அண்ணன் கையில் இருந்தது. அவர் மட்டும் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டை மேசையில் வைக்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"அந்தத் தட்டையும் குடுங்கண்ணே, ஒண்ணா முடிச்சிருவோம்" என்று ஈரக்கையோடு நாத்தனார் வந்து நின்றார்கள்.

"இருங்கம்மா, இன்னும் பசி அடங்கல. தங்கச்சி, கொஞ்சம் சோறு வையி." வைத்தேன். "அபி திருச்சிக்கு எப்ப வருது?"

"பாப்போம்ணே. வயசுப்பிள்ள..." நாத்தனார் கண் அவர் தட்டின் நடுவிலேயே இருந்தது. சோறு குறையக் குறைய இவர்களும் குனிந்தார்கள்.

"இன்னும் ரெண்டு கரண்டி, தங்கச்சி. படிக்கிற பிள்ளையாச்சேம்மா. தம்பி பொண்ணு."

"அதுக்கில்லண்ணே, எங்க வீட்டுல அவரையும் ஒரு வார்த்தை கேக்கணும்ல..."

"கேளுங்க, கேளுங்க. தங்கச்சி, ரசம் இருக்கா?"

ரசத்தையும் ஊற்றினேன். அவர் நெற்றியில் வேர்வை. சட்டியில் அடிச்சோறு. நான்கு வாய் சாப்பிட்டால் தட்டு தெரிந்துவிடும். ஒரு வாய் எடுத்தார். இரண்டாவது எடுத்தார். மூன்றாவதுக்குக் கையை வைத்தார்.

"காலேஜ் தொறக்குறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே கூட்டியாந்து விட்டுருடா" என்றார்கள் நாத்தனார், தம்பியைத் திரும்பிப் பார்த்து. "மாடி ரூம் சும்மாதான கெடக்கு."

"நெசமாவாக்கா?"

"பின்ன, நம்ம பிள்ள எவ வீட்டுல போய்த் தங்கும்?" என்று அதட்டிவிட்டு, மறுபடி அந்தத் தட்டின் பக்கம் திரும்பாமல், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று எங்கள் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். அபி, "அத்தே, அத்தே" என்று பின்னாலேயே ஓடினாள். வீட்டுக்காரரும் போனார்.

நான் அவர் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினேன் என்றே சொல்ல வேண்டும். மிச்சச் சோற்றை வழித்துப்போட்டுக் குழாயடியில் கழுவினேன். பழைய அலுமினியத் தட்டு. நடுவில் ஒன்றும் இல்லை. திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை.

"அண்ணே, இதுல பேரே இல்லையேண்ணே!"

"இருக்குன்னு நான் எப்பம்மா சொன்னேன்?" என்றார். கதவு மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். "மோர் இருந்தா ஒரு வாய் ஊத்து. மூணு ஆளு சோத்தைத் தின்னுருக்கேன், எந்திரிக்க முடியல."